ஒன்றே முக்கால் வயது மகளோடு இரண்டு இரவு கூடாரத்தில்: போகலாமா, வேண்டாமா?

மழைத்துளி (கேள்வி)

வணக்கம். மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. அடுத்த வாரம் வெள்ளி முதல் ஞாயிறு வரை விடுமுறை, மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து ஓர் ஆற்றங்கரையில் டென்ட் போட்டுத் தங்கலாம் என்று பேசி முடித்துவிட்டோம். காரில் நாலு மணி நேரப் பயணம். ஒரு குடும்பத்தில் எட்டு வயதிலும் பத்து வயதிலும் பிள்ளைகள், இன்னொரு ஜோடிக்குக் குழந்தை இல்லை. இந்த வயதில் ஒரு குழந்தை எங்களிடம் மட்டும்தான்.

போகலாம் என்று சொன்னது நான்தான், இப்போது பயப்படுவதும் நான்தான். போன தடவை ஒரே ஒரு நாள் வெளியே போனபோது மதியத் தூக்கம் தவறிப்போய், சாயங்காலம் நாலு மணியிலிருந்து வீடு வந்து சேரும் வரை ஒரே அழுகை. எதைக் கொடுத்தாலும் தட்டிவிட்டாள், தூக்கினாலும் அழுகை, இறக்கிவிட்டாலும் அழுகை. கூட வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி நானும் கணவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

இருந்தாலும் போக ஆசையாக இருக்கிறது. அவள் பிறப்பதற்கு முன்னால் நாங்கள் இருவரும் வருஷத்துக்கு மூன்று நாலு தடவை இப்படிக் கிளம்பிவிடுவோம். விடிகாலையில் டென்டைத் திறந்து வெளியே உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு முக்கியம் என்று இந்த இரண்டு வருஷத்தில்தான் தெரிந்தது.

தூக்கத்துக்கு என்ன செய்வது, பூச்சிக்கடிக்கு எதைப் பூசலாம், திடீரென்று காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, ஆறு பக்கத்திலேயே இருப்பது எவ்வளவு ஆபத்து, இதெல்லாம் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். போகவே வேண்டாம் என்று தோன்றினாலும் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.


நடைவண்டி

போய்வாருங்கள் தோழி. எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனை ஒன்றரை வயதிலும் சின்னவளை இரண்டு வயது தாண்டியும் டென்டில் படுக்க வைத்திருக்கிறேன். உங்கள் போன பயணம் கெட்டது வெளியே போனதால் இல்லை, தூக்கம் கெட்டதால். நீங்களே அதை எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வெளியூர் போனால் அது குறையும் என்றா நினைக்கிறீர்கள்? புது இடம், புது முகங்கள், நாள் முழுக்க ஓட்டம், இதற்கெல்லாம் அவளுக்குக் கூடுதலாகத்தான் தூக்கம் தேவைப்படும். அதனால் முதலில் மதியத் தூக்கத்தை மணிக்கணக்குப் பார்த்து எடுத்து வையுங்கள், மிச்சமிருக்கும் நேரத்தில் மற்றதெல்லாம் நடக்கட்டும். வீட்டில் அவள் ஒரு மணிக்குத் தூங்குவாள் என்றால் அங்கேயும் ஒரு மணிக்கு நிழலில் ஒரு விரிப்பு, பக்கத்தில் நீங்களோ அவரோ. மற்றவர்கள் அருவி பார்க்கப் போனால் போகட்டும்.

மதியத்தில் டென்டுக்குள் மட்டும் தூங்க வைக்காதீர்கள். வெயில் நேரடியாகப் பட்டால் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும், வெளியில் காற்று இதமாக இருக்கும்போதுகூட. காரும் அப்படித்தான். கண்ணாடி மூடிய காருக்குள் பத்து நிமிஷத்தில் கிட்டத்தட்ட பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், தூங்குகிறாளே, எழுப்ப வேண்டாம் என்று ஒரு நிமிஷம்கூட அதில் தனியாக விட்டுவிட்டு இறங்கக் கூடாது. தள்ளுவண்டி கொண்டுபோனால் வெயிலுக்காக அதன் மேல் துணி போர்த்துவதும் தவறு, காற்று அடைபட்டு உள்ளே சூடு ஏறும்.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது அல்லவா? இன்றைக்கே டென்டை எடுத்து வீட்டுக்கூடத்தில் நிறுத்துங்கள். மேலே மழைத்துணி போட வேண்டாம், உள் கூடாரம் மட்டும் போதும். பகலில் அதற்குள் உட்கார்ந்து விளையாடட்டும், ஜிப்பைத் திறக்கும் சத்தம் பழகட்டும். அப்புறம் இரண்டு ராத்திரி மூன்று பேரும் அதற்குள்ளேயே படுங்கள். எங்கள் மூத்தவன் வீட்டில் முதல் ராத்திரி டென்டுக்குள் ஒரு மணி நேரம் அழுதான், இரண்டாம் ராத்திரி பத்து நிமிஷம்தான் அழுதான். அந்த ஒரு மணி நேர அழுகை ஆற்றங்கரையில் நடக்காமல் வீட்டிலேயே நடந்து முடிந்தது எவ்வளவு நிம்மதி என்று போன இடத்தில்தான் புரிந்தது. கிளம்பும்போது அவள் படுக்கும் விரிப்பைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள், வீட்டு வாசம் இருக்கும்.

ராத்திரிக் குளிர் மேலேயிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் வரும். மேலே மூன்று போர்வை போர்த்தி, கீழே மெல்லிய பாய் போட்டால் விடியும்வரை முழித்துக்கொண்டே இருப்பாள். கீழே தடிமனான நுரைப் பாய் போடுங்கள். காற்று அடைத்த மெத்தை வேண்டாம், உருண்டு ஓரத்துக்குப் போனால் டென்ட் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் முகம் மாட்டிக்கொள்ளும். உங்கள் இருவருக்கும் நடுவில் தனி விரிப்பில் படுக்கட்டும். போர்வையை அவள் உதைத்துத் தள்ளிவிடுவாள், அதனால் கை கால் மூடிய உடுப்பு நல்லது. குளிர்கிறதா என்று பார்க்கக் கையைத் தொடாதீர்கள், குழந்தைகளின் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் விரலை வையுங்கள், அங்கே கதகதப்பாக இருந்தால் போதும். வேர்த்திருந்தால் ஓர் உடுப்பைக் கழற்றுங்கள்.

இன்னொன்று, டென்டுக்குள் முதல் வெளிச்சம் பட்டதும் எழுந்துவிடுவாள். ஐந்தோ ஐந்தரையோ. அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் கேட்ட விடிகாலை அதுதான், அவளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அதற்கு ஈடாக ராத்திரி எட்டு மணிக்கு உங்களில் ஒருவர் அவளோடு உள்ளே போய்ப் படுக்க வேண்டியிருக்கும், மற்றவர்கள் வெளியே பேசிக்கொண்டிருப்பது காதில் விழும். அது கொஞ்சம் மனசுக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

கிளம்பும் நேரத்தையும் யோசியுங்கள். வெள்ளி மாலை கிளம்பினால் இருட்டில் போய்ச் சேர்ந்து, பசியோடு இருக்கும் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு டென்ட் கட்டுவீர்கள். முடிந்தால் அரை நாள் விடுப்பு எடுத்து அவள் மதியத் தூக்க நேரத்துக்குக் கார் எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறக்கி ஓடவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டால் அவள் அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்துப் பழகிவிடுவாள், அப்புறம் இருட்டு அவ்வளவு பயமுறுத்தாது.


கல்மண்டபம்

நான் இரண்டு இரவு வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதல் தடவை ஒரு இரவு, அதுவும் ஒன்றரை மணி நேரத்தில் போகிற தூரம். நாலு மணி நேரப் பயணம் என்றால் நடுராத்திரி முடியவில்லை என்று திரும்பி வரவும் முடியாது. நண்பர்களோடு போவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அப்படிப் போயே ஆக வேண்டும் என்றால் சொந்தக் காரில் போங்கள், மற்றவர்கள் காரில் ஏறாதீர்கள். எந்த நேரத்திலும் கிளம்ப முடியும் என்ற தைரியம் இருந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.


ஆற்றங்கரை

தூக்கத்தைப் பற்றி நடைவண்டி விரிவாக எழுதிவிட்டார், எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள், உங்கள் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து ஒரு மாதம். ஏரிக்கரையில் ஐந்து பெரியவர்கள் இருந்தோம். ஐந்து பேருமே அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், அதாவது ஒவ்வொருவரும் மற்ற நாலு பேர் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன், என் மனைவி பையில் துண்டு தேடினாள், நண்பர் போனில் போட்டோ பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஆறேழு அடி தூரத்தில், என் முழங்காலுக்குக் கீழே இருந்த தண்ணீரில் அவள் முகம் குப்புற விழுந்தாள். சத்தமே இல்லை. ஒரு சின்னத் தளும்பல்கூட என் காதில் விழவில்லை. நண்பரின் பத்து வயதுப் பையன் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். இருமினாள், அழுதாள், மருத்துவமனையில் ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள், இப்போது நன்றாக இருக்கிறாள். அந்தப் பையன் அன்றைக்கு அந்தப் பக்கம் பார்த்திராவிட்டால் என்று நினைக்கும்போது இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

தண்ணீரில் மூழ்குகிறவர்கள் கத்துவார்கள், கையை ஆட்டுவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வயதுக் குழந்தைகள் எதுவும் செய்வதில்லை. உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், விழுந்தால் கையை ஊன்றி முகத்தைத் தூக்கும் பலம் கிடையாது, வாய்க்குள் தண்ணீர் போய்விட்டால் குரலும் வராது. 5 சென்டிமீட்டர் ஆழம் போதும் என்கிறார்கள், அதாவது ஒரு வாளியில் அடியில் தேங்கியிருக்கும் தண்ணீர். உலக அளவில் நீரில் மூழ்கி இறப்பது ஒன்று முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைகளில்தான் அதிக விகிதத்தில் நடக்கிறது. உங்கள் மகள் அந்த வயதின் நடுவில் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு சிவப்புத் தொப்பி. அது யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் குழந்தைக்குப் பொறுப்பு. அவர் கையில் போன் இருக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, மது அருந்தியிருக்கக் கூடாது, யாரோடும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கவும் கூடாது. இருபது நிமிஷம் ஆனதும் அடுத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இப்போது நீ" என்று சொல்லித் தொப்பியை மாற்ற வேண்டும், அவர் "சரி, நான்" என்று சொன்ன பிறகுதான் முதல் ஆள் நகரலாம். கேட்பதற்கு ராணுவம் மாதிரி இருக்கும். செய்துபாருங்கள், மற்ற எல்லோரும் நிம்மதியாக உட்கார முடியும்.

தண்ணீருக்குள் நிற்கும்போதோ ஓரத்தில் விளையாடும்போதோ பெரியவர் கையை நீட்டினால் குழந்தையைத் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது கணக்கில் வராது. கையில் மாட்டும் காற்றுப் பலூன், இடுப்பு வளையம் இவற்றை நம்ப வேண்டாம், அவை விளையாட்டுச் சாமான்கள். அவள் எடைக்குப் பொருந்துகிற, கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் பகுதியும் கால்களுக்கு நடுவில் வரும் பட்டையும் உள்ள லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். அதைப் போட்டிருந்தாலும் கை எட்டும் தூரம் என்பது மாறாது.

டென்ட் ஆற்றை ஒட்டி வேண்டாம், தள்ளியும் மேடாகவும் போடுங்கள். மேலே எங்காவது மழை பெய்தால் இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு ஏறும். தண்ணீர் நிறம் திடீரென்று கலங்கினாலோ இலை தழைகள் மிதந்துவர ஆரம்பித்தாலோ சாமான்களை எடுக்க நிற்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள். ராத்திரி உள் ஜிப்பின் இரண்டு இழுப்பான்களையும் ஒரு சின்னக் கயிற்றால் முடிந்து அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், நீங்கள் ஒரே இழுப்பில் அவிழ்க்கும்படியான முடிச்சாக. காலை ஐந்து மணிக்கு உங்களுக்கு முன்னால் அவள் எழுந்து வெளியே போய்விடக் கூடாது. வாளி, ஐஸ் பெட்டியில் உருகிய தண்ணீர், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் உங்களில் ஒருவராவது குழந்தைக்கு உயிர்காக்கும் முதலுதவி செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். மூழ்கிய குழந்தைக்கு மார்பை அழுத்துவது மட்டும் போதாது, வாய்வழியாக மூச்சும் கொடுக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, ஒரு பொம்மையின் மேல் கையை வைத்து ஒரு தடவையாவது செய்துபார்க்க வேண்டும்.


இரவுப்பணி

குழந்தைகள் வார்டில் செவிலியாக இருக்கிறேன். ஆற்றங்கரை எழுதியதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. நான் வார்டில் பார்த்ததை வைத்துச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நெருப்பு. ராத்திரி தீ எரியும்போது எல்லோரும் குழந்தையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்வார்கள். மறுநாள் காலையில்தான் நடக்கும். மேலே சாம்பல் வெளுத்திருக்கும், புகை இருக்காது, அணைந்துவிட்டது என்று நினைப்போம், குழந்தை வெறுங்காலோடு நடந்துபோய் அதில் மிதிக்கும். மண்ணைப் போட்டு மூடுவது இன்னும் மோசம், கீழே கங்கு மணிக்கணக்காகக் கனன்றுகொண்டே இருக்கும், மேலே பார்த்தால் வெறும் மண். படுக்கப் போகும்முன் தண்ணீரை ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் படுக்க வேண்டும். ஒருவேளை சுட்டுவிட்டால் உடனே 20 நிமிஷம் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை, வெண்ணெய், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒட்டிக்கொள்ளாத துணியைக் கழற்றிவிடலாம், ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. காயம் ஆறும் விதத்தையே அந்த 20 நிமிஷத் தண்ணீர் மாற்றிவிடும், அவசரத்தில் அதைச் செய்யாமல் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், பார்க்க வருத்தமாக இருக்கும். சூடான டீயும் அப்படித்தான், போட்டுக் கால் மணி நேரம் கழித்தும் குழந்தைத் தோலைச் சுடும். முகாமில் மேசை கிடையாது, கோப்பையைத் தரையில்தான் வைப்போம், அது சரியாக அவள் கை உயரம்.

டென்டுக்குள்ளோ அதன் வாசலிலோ அடுப்பு, கரி, கங்குச் சட்டி எதுவும் வைக்கக் கூடாது, குளிர் தாங்க முடியவில்லை என்றாலும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

டார்ச். முகாம் என்றாலே குழந்தை கையில் ஒரு குட்டி டார்ச்சைக் கொடுத்துவிடுவோம், அதற்கும் சந்தோஷம். அதில் நாணயம் மாதிரி வட்டமான பட்டன் பேட்டரி இருந்தால் கொடுக்காதீர்கள். விழுங்கி அது உணவுக்குழாயில் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்க்ரூ போட்டு மூடிய, பென்சில் பேட்டரி டார்ச் வாங்குங்கள்.

சாப்பாட்டில் புரை ஏறுவதற்கு வெளியிடங்களில் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் குழந்தை ஓடிக்கொண்டே தின்கிறது, பெரிய பிள்ளைகள் தாங்கள் தின்பதைப் பாசத்தோடு ஊட்டிவிடுகிறார்கள். முழுக் கொட்டைகள், பாப்கார்ன், கெட்டி மிட்டாய் வேண்டவே வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுங்கள். அந்த எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், எங்களைக் கேட்காமல் பாப்பாவுக்கு எதையும் தராதீர்கள் என்று. பொறுப்புக் கொடுத்தால் அந்த வயதுப் பிள்ளைகள் மிகவும் நன்றாகக் கேட்பார்கள்.

வெயில் விஷயம் எளிது. காலை 10 முதல் மாலை 4 வரை நிழல், நீளக் கைச் சட்டை, விளிம்புள்ள தொப்பி. மிச்சமிருக்கும் தோலுக்கு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் தண்ணீரிலிருந்து வந்ததும் மறுபடியும்.

பூச்சிக்கு டீட் (பூச்சியை விரட்டும் ஒரு ரசாயனம்) உள்ள களிம்போ ஸ்ப்ரேயோ இந்த வயதில் பயன்படுத்தலாம், 10 முதல் 30 சதவீதம் வரை. குழந்தை மேல் நேராக அடிக்காமல் உங்கள் உள்ளங்கையில் எடுத்துத் தடவுங்கள். கண், வாய், அவள் கை, கீறல் உள்ள இடம், துணி மூடிய தோல் இங்கெல்லாம் வேண்டாம். சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்த பிறகு இது. உள்ளே படுக்கும்முன் சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள். மற்றபடி சாயங்காலமானால் முழுக்கால் உடையும் கொசுவலையும்தான் எந்த மருந்தையும்விட நல்லது. புல்வெளியில் உருண்டு விளையாடினால் ராத்திரி உடை மாற்றும்போது காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்பக்கம் உண்ணி கடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் கூர்மையான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுக்க வேண்டும், நசுக்கவோ சூடு வைக்கவோ கூடாது.

காய்ச்சலுக்கு உங்கள் மருத்துவரிடம் இப்போதே அவள் எடையைச் சொல்லிப் பாராசிட்டமால் அளவைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, அளவுக் குழலோடு சேர்த்துப் பையில் போடுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் நாலு. வயிற்றுப்போக்கு வந்தால் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்கி, இரண்டு வயதுக்குள் இருப்பதால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே கொடுக்காதீர்கள், கொதி வந்து தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க வேண்டும், 2,000 மீட்டருக்கு மேலே உள்ள மலை என்றால் மூன்று நிமிஷம்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிந்திருக்கிறது, துவண்டு கிடக்கிறாள், மூச்சு விடும்போது விலாவுக்குள் தோல் இழுக்கிறது, எதையும் குடிக்க மாட்டேன் என்கிறாள், இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் என்று வீட்டிலிருந்தே பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனில் சிக்னல் இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.


மழைத்துளி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆற்றங்கரை அண்ணா, நீங்கள் எழுதியதைக் கணவர் இரண்டு தடவை படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் லைஃப் ஜாக்கெட் தேட ஆரம்பித்துவிட்டார். இரவுப்பணி அக்கா, ஒரு சந்தேகம். ரசாயனம் வேண்டாம் என்று தோழி ஒருத்தி லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் கொடுத்திருக்கிறாள். அது இயற்கை என்பதால் பரவாயில்லையா? டென்டை இன்றைக்குக் கூடத்தில் நிறுத்திவிட்டோம், உள்ளே போனவள் வெளியே வர மாட்டேன் என்கிறாள்.


இரவுப்பணி

வேண்டாம் அம்மா. லெமன் யூகலிப்டஸ் எண்ணெயை மூன்று வயதுக்குள் பூசக் கூடாது. இயற்கை என்பதால் எதுவும் குழந்தைக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது. நீங்கள் இருவரும் பூசிக்கொள்ளலாம்.


வெள்ளைக்குடை

எல்லோரும் குழந்தையைப் பற்றி எழுதிவிட்டார்கள், நான் உங்கள் இருவரைப் பற்றி எழுதுகிறேன். போன தடவை திரும்பி வந்து பேசிக்கொள்ளவில்லை என்றீர்களே, அது எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. என் மனைவி இரண்டு நாளும் குழந்தை பின்னாலேயே ஓடினாள், நான் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தேன், கூப்பிட்டால் வருவேனே என்று நினைத்துக்கொண்டு. கூப்பிட வேண்டியிருப்பதே அவளுக்கு ஒரு வேலை என்பது எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் உறைத்தது.

இப்போது நாங்கள் நேரத்தைப் பிரித்துக்கொள்கிறோம். சனிக்கிழமை காலை முழுக்க நான், அவள் டென்டில் தூங்கினாலும் சரி, தனியாக நடந்துபோனாலும் சரி, எங்களைத் தேட வேண்டியதில்லை. ஞாயிறு காலை அவள். "உதவி" என்ற பேச்சே கிடையாது, யார் நேரமோ அவர் முழுப் பொறுப்பு, டயப்பர், சாப்பாடு, அடம் எல்லாம் உட்பட. இதைக் கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும், அங்கே போய் முகம் சிவந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

நண்பர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "நாங்கள் மலையேற வர மாட்டோம், எட்டு மணிக்குப் படுத்துவிடுவோம், அவள் ராத்திரி அழுவாள், எங்கள் டென்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறோம்." இவ்வளவுதான். எதிர்பார்த்த அழுகை யாரையும் அவ்வளவு எரிச்சல்படுத்தாது.

அங்கே போய் என்ன பார்ப்பது என்று திட்டம் எதுவும் போடாதீர்கள். இந்த வயதுக் குழந்தைக்கு நூறு மீட்டர் நடக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரு கல்லை எடுக்கும், கீழே போடும், வேறொரு கல்லை எடுக்கும், முதல் கல்லைத் தேடி அழும். எறும்பு வரிசைக்கு முன்னால் கால் மணி நேரம் குத்தவைத்து உட்காரும். நீங்கள் அவசரப்படாவிட்டால் அடம் பாதியாகக் குறைந்துவிடும், இது நான் மூன்று பயணங்களில் கண்டது.


மழைத்துளி (பயணம் முடிந்து)

போய்வந்துவிட்டோம். நேற்றே எழுத நினைத்தேன், துவைக்கும் வேலையே முடியவில்லை.

வெள்ளி மதியமே கிளம்பினோம், முக்கால்வாசி வழி தூங்கினாள். முதல் ராத்திரி கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் அவ்வளவு நன்றாக டென்டில் தூங்கியவள் அங்கே இரண்டு மணிக்கு எழுந்து நாலு மணி வரை விட்டு விட்டு அழுதாள். பக்கத்து மரத்தில் ஏதோ பறவை கத்திக்கொண்டிருந்தது, அது கத்தும்போதெல்லாம் இவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கணவர் காரை எடுக்கவா என்று கேட்டார். விடியட்டும் என்றேன். கார் நிற்கிறது, கிளம்ப முடியும் என்ற நினைப்புதான் அப்போது என்னைப் பிடித்து நிறுத்தியது, கல்மண்டபம் சொன்னது எவ்வளவு சரி. நண்பர்களிடம் முன்பே சொல்லியிருந்ததால் காலையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, குழந்தை இல்லாத அந்தத் தோழி மட்டும் வந்து ஒரு மணி நேரம் இவளை வாங்கிக்கொண்டு என்னைப் படுக்கச் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் மரத்தடியில் இரண்டரை மணி நேரம் தூங்கினாள். ராத்திரி எட்டு மணிக்குப் படுத்தவள் ஐந்தேகால் வரை அசையவில்லை. ஐந்தேகாலுக்கு நாங்கள் இருவரும் மட்டும் வெளியே உட்கார்ந்திருந்தோம். ஆற்றின் மேல் பனி. அவள் என் சால்வைக்குள் இருந்துகொண்டு அந்தப் பறவை கத்தியபோது இந்தத் தடவை பயப்படாமல் கையை நீட்டிக் காட்டினாள்.

தண்ணீர் விஷயத்தில் தொப்பிக்குப் பதில் என்னிடம் ஆரஞ்சுத் துண்டு இருந்தது, அதைத் தோளில் போட்டுக்கொண்டோம். முதலில் மற்றவர்களுக்கு வினோதமாக இருந்தது. சனி மாலை ஒரு தடவை நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன், துண்டு என் தோளில் இருந்தது, அந்தப் பத்து வயதுப் பெண் ஓடிவந்து "அத்தை, துண்டைக் குடுக்காம போறீங்க" என்று நிறுத்தினாள். கணவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அண்ணா, உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை முழுக்க அவர் பார்த்துக்கொண்டார், நான் தனியாக ஆற்றோரமாக நடந்தேன். இரண்டு வருஷம் கழித்து.

ஒரு சின்னக் கேள்வி மட்டும் பாக்கி. கிளம்பும்போது பனியில் டென்ட் ஈரமாக இருந்தது, அப்படியே சுருட்டிப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டோம், இன்னும் காரிலேயே இருக்கிறது. பரவாயில்லையா?


நடைவண்டி

படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது! டென்டை இன்றைக்கே வெளியே எடுங்கள் தோழி, ஈரத்தோடு ஓரிரு நாள் கிடந்தாலே பூஞ்சை பிடித்துவிடும், அந்த வாசம் அப்புறம் போகாது. கடும் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விரித்துப் போடுங்கள், தையல் ஓரங்களும் தரைப் பக்கமும் கடைசியாகத்தான் காயும், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள். மடிக்கும்போது அவள் விடுவாளா என்பது வேறு விஷயம்.